இனிமேல் வாசனை பாட்டில் அனுப்பாதே

அன்பு மகனே,

ஊர் போய்ச் சேர்ந்ததும் நீ போட்ட போனை உன் அம்மாதான் எடுத்தாள். "சேந்துட்டேம்மா, நல்லா இருக்கேன்" என்று நீ சொல்லி முடிப்பதற்குள் பேத்தி நூரா போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். அவளை விரட்டிப் பிடிக்க என்னால் ஆகுமா? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் பெண்டாட்டி ஷமீமா இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள். கோழி கிளறிய மாதிரி கையெழுத்து என்று கேலி செய்யாதே. வாழ்நாளெல்லாம் கருவாட்டு மூட்டையின் மேல் விலாசம் எழுதிப் பழகிய கை இது, எழுத்து பெரிதாகத்தான் வரும். நீ மட்டும் படித்துவிட்டு வைத்துவிடாமல் உன்னோடு தங்கியிருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டு. நம் வீட்டில் நடந்த கூத்து அவர்கள் வீட்டிலும் நடந்துகொண்டுதான் இருக்கும், பெயர்தான் வேறாக இருக்கும்.

பெருநாள் முடிந்து நீ வண்டி ஏறியபோது உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அழுகையை அடக்குகிறவன் மாதிரி செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாய். வெளிநாட்டு வேலைக்குத் திரும்புகிற வருத்தம் அது இல்லை. நீ கிளம்பிய மறுநாளே ஷமீமா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டைக்குத் தன் அத்தா வீட்டுக்குப் போய்விடுவாள், உன் அம்மா வெறும் வீட்டில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பாள் என்பதுதான் உன் வருத்தம். நூரா பிறந்ததிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. அந்தப் பெண்ணைக் குறை சொல்லவும் நமக்கு வாய் இல்லை. பிள்ளை நம் வீட்டில் வந்து தங்கியபோதெல்லாம் சாதாரணச் சளியாகத் தொடங்கி, அது நெஞ்சுக்கு இறங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆவிக் குழாயை வைத்துக்கொண்டு கிடந்தது. பெற்றவள் எப்படித் தங்குவாள்? இந்தத் தடவையும் அவள் பெட்டியைக் கட்டித்தான் வைத்திருந்தாள். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நாம் இருவரும் அந்தப் பெட்டியைப் பார்க்காத மாதிரி நடந்துகொண்டோம்.

நம் வீட்டின் கதையை நம் வீட்டுப் பிள்ளைக்கே சொல்வது சிரிப்பாக இருக்கலாம், ஆனாலும் உன் கூட்டாளிகளுக்காகச் சொல்கிறேன். கோட்டைப்பட்டினத்தில் நம் வீட்டுக்குப் பின்பக்கம் கருவாடு காயப்போடுகிற களம், அதற்கு அடுத்து மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கி. நெத்திலியும் சூடையும் திருக்கையும் காய்கிற வீடு என்ன வாசம் அடிக்கும் என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு அது சோற்று வாசம். ஆனால் நீ அறந்தாங்கியில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். பஸ்ஸில் உன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டேன் என்கிறார்கள், கருவாடு என்றே கூப்பிடுகிறார்கள் என்று உன் அம்மாவிடம் மட்டும் சொன்னாயாம். யாரை அடிக்கப் போவது? மறுநாளே உன் அம்மா உன் சட்டை நிக்கரெல்லாம் வைக்கிற அலமாரியில் அந்துருண்டையை அள்ளிப் போட்டாள். சட்டைக்குள் பவுடரைக் கொட்டி அனுப்பினாள். அந்த வருடம் நீ பள்ளிக்கூடத்துக்குப் போனால் பின்னால் வெள்ளைப் புழுதி பறக்கும். நம் வீட்டில் வாசனை என்கிற யுத்தம் அன்றைக்குத் தொடங்கியது.

அந்த யுத்தம் உச்சத்துக்குப் போனது உனக்குப் பெண் பார்த்தபோது. புதுக்கோட்டையில் படித்த குடும்பம், பெண்ணின் அத்தா கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் உன் அம்மா மூன்று நாளாகத் தூங்கவில்லை. களத்தில் கிடந்ததையெல்லாம் என்னை அள்ளச் சொன்னாள். வீடு முழுக்கப் பினாயில். அதற்கு மேல் சாம்பிராணி. அதற்கு மேல் ஊதுபத்திக் கட்டைப் பிரித்து மூலைக்கு ஒன்று. வந்தவர்கள் உள்ளே நுழைந்ததும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை, அவ்வளவு புகை. சம்பந்தி கண்ணில் நீர் வழிய, "ரொம்ப நல்ல வாசமா இருக்குங்க" என்றார். நான் அவர் ஆனந்தத்தில் அழுகிறார் என்று நினைத்து, மகளைப் பிரியப் போகிற மனுசன், பாசக்காரர் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். இன்றைக்கு அதை நினைத்தால் விலா வலிக்கச் சிரிப்பு வருகிறது.

கல்யாணம் முடிந்து ஷமீமா நம் வீட்டுக்கு வந்தாள். வாசலில் கால் வைத்தவள் முக்காட்டு முனையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள். ஒரு விநாடிதான். எல்லோரும் குலவையும் சிரிப்புமாக இருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை. உன் அம்மா பார்த்துவிட்டாள். அன்று என்னிடம் வந்து, "பாத்தீங்களா, அவளுக்கு நம்ம வாடை ஆகல. மூக்கப் பொத்துறா" என்றாள். மருமகள் மேல் அவளுக்குக் கோபம் இல்லை, மகனே. பயம். நீ சுவரைப் பார்த்துப் படுத்த அந்த நாளைத்தான் அவள் நினைத்திருப்பாள். அதன் பிறகு நீ வேலைக்குப் போன ஊரிலிருந்து என்ன வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் அவள் கேட்டது வாசனை பாட்டில்தான். நீயும் சளைக்காமல் அனுப்பினாய். அறையில் அடிக்கிற ரோஜா, மெத்தையில் அடிக்கிற மல்லிகை, துணி அலசுகிற வாசனைத் தண்ணீர், கரியில் போட்டுப் புகைக்கிற கட்டை. நம் வீட்டுக்கு உன் பெட்டி வந்திருக்கிறது என்பது தெருமுனையிலேயே தெரிந்துவிடும். ஷமீமா வருகிறாள் என்று போன் வந்தால் போதும், உன் அம்மா பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஜன்னல்களை அடைக்கத் தொடங்கிவிடுவாள். களத்துப் பக்கத்து ஜன்னல் அந்த வருடங்களில் திறந்ததே இல்லை.

இனி நீ போன பிறகு நடந்ததைக் கேள். நீ போன அன்று சாயங்காலமே நூராவுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கிவிட்டது. பெருநாளைக்கு வந்துபோன கூட்டத்தில் பாதிப் பேர் தும்மிக்கொண்டுதான் இருந்தார்கள், எல்லோரும் பிள்ளைக்கு முத்தம் கொடுத்துத்தான் போனார்கள். காலையில் உடம்பு சுட்டது. ஷமீமா கட்டிய பெட்டியை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றம் சொல்வது எதுவும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, வாடகைக் காரைப் பிடித்து அறந்தாங்கியில் பிள்ளைகளுக்குப் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் போனோம்.

டாக்டரம்மா பிள்ளை நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். இப்போதைக்கு நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, சாதாரண வைரஸ் சளிதான் என்றார். ஷமீமா பழைய கதையெல்லாம் சொன்னாள். புதுக்கோட்டையிலும் பிள்ளைக்குச் சளி பிடிக்கும், ஆனால் மூக்கோடு போய்விடும், இங்கே வந்தால்தான் நெஞ்சுக்கு இறங்குகிறது என்றாள். டாக்டரம்மா உன் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"வீட்டுல என்னென்ன புகை போடுவீங்க? என்னென்ன அடிப்பீங்க?"

உன் அம்மாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"காலையில பினாயில் ஊத்தித் தொடைப்பேங்க. பினாயில் வாடை போறதுக்கு எலுமிச்சை ஸ்பிரே. சாயங்காலம் கொசுவத்தி. கொசுவத்தி வாடை போறதுக்குச் சாம்பிராணி. பிள்ளை படுக்குற மெத்தைக்கு மகன் அனுப்புன மல்லியப்பூ ஸ்பிரே. துணிக்கு வாசனைத் தண்ணி. கரப்பானுக்குத் தனியா ஒண்ணு. கொரோனா வந்ததுலேருந்து பிளீச்சிங் பவுடரும் உண்டுங்க. எங்க வீட்டுக்குள்ள ஒரு கிருமி தலைகாட்டாது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கிருமி இருக்காது சரி. மனுசங்க எப்படிம்மா இருக்கீங்க?" என்றார்.

அப்புறம் அவர் பொறுமையாக விளக்கியதை எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன். மூக்கிலிருந்து நெஞ்சுக்குப் போகிற வழி நெடுகக் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் இருக்கின்றனவாம். உள்ளே வருகிற தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து அவை வெளியே தள்ளிக்கொண்டே இருக்குமாம். ஓட்டைப் படகில் ஒருவன் உட்கார்ந்து தண்ணீர் இறைத்துக்கொண்டே இருப்பானே, அந்த வேலை. அவன் கண்ணில் புகையை ஊதிவிட்டால் எப்படி இறைப்பான்? கொசுவத்திப் புகையும் ஸ்பிரேயும் பிளீச்சிங் நெடியும் அந்த வழியைப் புண்ணாக்கி, தள்ளுகிற வேலையைச் சுணங்க வைக்கலாம். அந்த நேரம் பார்த்து வைரஸ் வந்தால் அதற்கு உள்ளே இறங்குவது லேசாகிவிடலாம். சின்னப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறவர்கள், தரையோடு தரையாக விளையாடுகிறவர்கள், அதனால் அவர்களுக்குக் கூடுதலாகப் போகும். இன்னும் சில ரசாயனங்கள், பூச்சி மருந்தில் இருப்பது, ஒட்டாத தோசைக்கல்லின் பூச்சில் இருப்பது, பிளாஸ்டிக்கில் இருப்பது போன்றவை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே மந்தப்படுத்துமா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். சிலவற்றில் அப்படித்தான் தெரிகிறது, சிலவற்றில் இன்னும் தெளிவாகவில்லை என்றார்.

ஷமீமா நேராகவே கேட்டாள். "அப்ப நூராவுக்கு நெஞ்சுக்கு எறங்குனதுக்கு இதுதான் காரணமா டாக்டர்?"

"அப்படி நான் சொல்ல மாட்டேன். சளி வைரஸால வருது, வாசனையால வரல. எறங்குனதுக்கு இதுவும் ஒரு காரணமா இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனா நிறுத்திப் பாக்குறதுல ஒரு நஷ்டமும் இல்ல. ஜன்னலத் தெறந்து வைங்க, சோப்புப் போட்டுக் கை கழுவுங்க, தடுப்பூசிய விட்டுறாதீங்க, சளி பிடிச்சவங்க பிள்ளையக் கொஞ்ச வந்தா வெக்கப்படாம தள்ளி நிக்கச் சொல்லுங்க. மூச்சு வாங்குனா உடனே தூக்கிட்டு வந்துருங்க."

திரும்பி வருகிற வழியில் உன் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பாதி தூரம் வந்ததும் பொங்கிவிட்டாள். "அப்ப எம் பேத்திய நாந்தான் ஆஸ்பத்திரியில படுக்க வச்சேனா? யாருக்காக அடிச்சேன்? எனக்காகவா அடிச்சேன்? ஒனக்காகத்தானே அடிச்சேன்! ஒனக்குக் கருவாட்டு வாடை ஆகாதேன்னுதானே அடிச்சேன்!"

ஷமீமா திகைத்துப்போனாள். "எனக்குக் கருவாட்டு வாடை ஆகாதுன்னு யாரு சொன்னா மாமி?"

"யாரு சொல்லணும்? மொத நாளு வாசப்படியில நீ மூக்கப் பொத்துனத நான் பாக்கலையா?"

ஷமீமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு என்றால் நிறுத்த முடியாத சிரிப்பு. மடியில் தூங்கிய நூரா குலுங்குகிறாள். "மாமி, நான் பொத்துனது பினாயிலுக்கு! பினாயிலு, சாம்பிராணி, செண்டு எல்லாம் சேந்து மூஞ்சியில அடிச்சுச்சு. எனக்குத் தும்மல் வந்துருச்சு. புதுப்பொண்ணு வாசப்படியில தும்முனா நீங்க என்ன நெனைப்பீங்கன்னு அடக்குனேன். கருவாடுன்னா எங்க வீட்டுல உசுரு. வாரத்துல ரெண்டு நாளு கருவாட்டுக் கொழம்பு இல்லேன்னா எங்க அத்தா தட்ட நகத்தி வச்சுருவாரு. நீங்க பாட்டிலத் தூக்குனாலே எனக்குத் தலைய வலிக்கும். எனக்குன்னு ஆசையா அடிக்கிறீங்க, எப்படி வேணாம்னு சொல்லுறதுன்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

காரை ஓட்டியவர் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். உன் அம்மா என்னைப் பார்க்கிறாள், நான் உன் அம்மாவைப் பார்க்கிறேன். இவள் அவளுக்காக அடிக்கிறாள், அவள் இவளுக்காகப் பொறுத்துக்கொள்கிறாள், தலைவலி வந்து அவள் முகம் சுண்டினால் இவள் இன்னும் கருவாட்டு வாடை போகவில்லை என்று மேலே ஒரு சுற்று அடிக்கிறாள். மரியாதைக்கு மரியாதையாக ஒரு வீட்டையே புகையால் மூடி வைத்திருந்திருக்கிறார்கள். நடுவில் நீ கப்பல் கப்பலாக பாட்டில் அனுப்பிக்கொண்டிருக்கிறாய்! உன் அம்மாவும் கடைசியில் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "கிறுக்குச் சிறுக்கி, ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன?" என்று மருமகள் தொடையில் ஓர் அடி போட்டாள். அந்த அடியை நீ பார்த்திருக்க வேண்டும், அவ்வளவு பாசமான அடி.

வீட்டுக்கு வந்ததும் பாட்டில் வேட்டை தொடங்கியது. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு மேல், குளியலறையில் என்று எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. உன் அம்மா எல்லாவற்றையும் சாக்கடையில் ஊற்றப் போனாள். ஷமீமா, "அது கடலுக்குத்தான போகும் மாமி, நாளைக்கு மீனுக்குள்ள வரும்" என்று தடுத்து, எல்லாவற்றையும் மூடியோடு ஒரு பெட்டியில் அடைத்து எட்டாத இடத்தில் வைத்துவிட்டாள். கரப்பான் மருந்து டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏன் மாமா, களத்துல ஈ மொய்க்குதே, கருவாட்டுக்கு நீங்க ஏன் மருந்து அடிக்கிறதில்ல?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்குத் தெரியுமே, ஈ மருந்து அடித்தால் வேலை மிச்சம் என்று யோசனை சொன்ன வியாபாரியை நான் களத்தைவிட்டே வெளியேற்றியவன். உப்பும் வெயிலும் வலையும் போதும், அதற்கு மேல் ஒரு சொட்டு விழ விடமாட்டேன். "திங்கிற பொருளாச்சேம்மா, அதுமேல மருந்து அடிக்கலாமா?" என்றேன்.

அவள் டப்பாவைப் பார்த்தாள், நூரா படுத்திருந்த மெத்தையைப் பார்த்தாள், பெட்டிக்குள் போட்டாள். எனக்குச் சுருக்கென்றது. யாரோ முகம் தெரியாதவன் தின்கிற நெத்திலிக்கு நான் பார்த்த பார்வையை என் பேத்தி மூச்சு விடுகிற அறைக்குப் பார்க்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் வேடிக்கை. நானே எழுந்து போய்க் களத்துப் பக்கத்து ஜன்னலைத் திறந்தேன். துருப்பிடித்திருந்தது, இரண்டு தட்டு தட்ட வேண்டியிருந்தது. திறந்ததும் கடல் காற்றும் சூடைக் கருவாட்டு வாசமும் ஒன்றாக உள்ளே வந்தன. நூரா மூக்கைச் சுருக்கி மோந்து பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "நன்னா, ஒங்க சட்டை வாசம் வீட்டுக்குள்ள வருது" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மகனே. வெட்கப்படாமல் சொல்கிறேன், நன்றாகவே அழுதேன்.

கொசுவத்தியை விடுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தலைமாட்டில் அது புகையாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இப்போது கொசுவலை கட்டிப் படுக்கிறோம். முதல் நாள் நான் வலைக்குள் நுழைந்த வேகத்தில் அது என்னோடு சேர்ந்து அவிழ்ந்து விழுந்து, நான் சுருட்டிக்கொண்டு கிடக்க, உன் அம்மா, "மகளே, இங்கிட்டு ஓடியா, வலையில பெரிய திருக்கை சிக்கியிருக்கு" என்று மருமகளைக் கூப்பிட்டாள். இதற்குப் பிறகு இந்த வீட்டில் எனக்கு என்ன மரியாதை இருக்கும், சொல்.

நூராவுக்குச் சளி நான்கைந்து நாள் இருந்தது. மூக்கைச் சிந்திச் சிந்தி என் கைலியில் துடைத்தாள். நெஞ்சுக்கு இறங்கவில்லை. நாங்கள் மாற்றி மாற்றி அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தோம், இறங்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பாட்டிலை ஒதுக்கி வைத்ததால்தான் சரியானது என்று நான் மார்தட்ட மாட்டேன். பிள்ளைக்கு ஒரு வயது கூடியிருக்கிறது. இந்த வருடம் தடுப்பூசி எல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறது. வந்த வைரஸும் சாதுவானதாக இருந்திருக்கலாம். டாக்டரம்மாவே உறுதியாகச் சொல்லாததை நான் சொல்லக் கூடாது. எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். ஷமீமாவுக்குத் தலைவலி போய்விட்டது, உன் அம்மா காலையில் இருமுவது நின்றுவிட்டது, வீட்டில் மூச்சு விடுவது சுகமாக இருக்கிறது.

இப்போது உன் அம்மா அடுத்த கோடிக்குப் போய்விட்டாள். குளிக்கிற சோப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுவும் ரசாயனமா?" என்கிறாள். "உப்புகூட ரசாயனந்தான் மாமி, சோப்பக் கீழ வைங்க" என்று ஷமீமா சிரிக்கிறாள். நீயும் அப்படிப் பயந்துவிடாதே. கழிப்பறை கழுவ மருந்து வேண்டும்தான், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அளவாக ஊற்று, ஒன்றோடு ஒன்றைக் கலக்காதே. தேவைக்குப் பயன்படுத்துவது வேறு, வெட்கத்துக்குப் பயன்படுத்துவது வேறு. நாம் வெட்கத்துக்கு அல்லவா அடித்துக்கொண்டிருந்தோம்!

உன் அறையை நினைத்தால்தான் எனக்குக் கவலை. இத்தனை பேர் ஒரே அறையில், ஏசிக்காக ஜன்னலை அடைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு செண்டு, மூட்டைப்பூச்சிக்கு மருந்து. ஒருவனுக்குச் சளி வந்தால் அறைக்கே வருகிறது, போனில் எப்போது பேசினாலும் தொண்டையைச் செருமுகிறாய், கேட்டால் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாய். வெயில் தாழ்ந்ததும் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து விடுங்கள். மூட்டைப்பூச்சிக்கு மெத்தையை வெயிலில் போடுங்கள், மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் அன்றைக்கு அறையில் படுக்காதீர்கள். யார் மேலாவது வேர்வை வாடை அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும், உழைக்கிற பிள்ளைகள் நீங்கள். எங்களுக்கு ஏதாவது அனுப்ப வேண்டுமென்றால் பேரீச்சம்பழம் அனுப்பு. உன் அம்மா பிஸ்தா என்று எழுதச் சொல்கிறாள்.

இன்னொன்று, புருசன் பெண்டாட்டி விஷயம். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே கேட்டுவிடு. அவள் என்ன நினைக்கிறாள் என்று நீயாக நினைத்துக்கொண்டு அவளுக்கு நல்லது செய்யாதே. உன் அம்மாவும் ஷமீமாவும் ஒருவர் மேல் ஒருவர் உயிரை வைத்துக்கொண்டு இத்தனை வருடத்தை வீணாக்கினார்கள். நீயும் நானும் இரண்டு பேரிடமும் கேட்காமல் பாட்டில் சுமந்தோம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சம்பந்தி காரை எடுத்துக்கொண்டு மகளையும் பேத்தியையும் கூட்டிப் போக வந்தார். திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திருக்கைக் கருவாட்டுக் குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். கண்ணில் நீர் வந்தது, இந்தத் தடவை மிளகாய்க் காரத்துக்கு. கையைக் கழுவிவிட்டு, "கெளம்பலாமாம்மா?" என்றார். உன் அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அழுவதை யாரும் பார்க்கக் கூடாது என்றால் அவளுக்கு அதுதான் இடம். நான் வழக்கம்போலப் பெட்டியைத் தூக்கப் போனேன்.

"பெட்டிய வைங்க மாமா" என்றாள் ஷமீமா. அவள் அத்தாவிடம் திரும்பி, "நீங்க போயிட்டு வாங்கத்தா. அடுத்த வாரம் வரும்போது நூராவோட சைக்கிளயும் என் தையல் மிஷினையும் ஏத்திக்கிட்டு வந்துருங்க. அவள இங்கயே பள்ளிக்கூடத்துல சேக்கப் போறேன்" என்றாள். அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

நீ லீவில் வந்தால் பாதி நாள் புதுக்கோட்டை, பாதி நாள் கோட்டைப்பட்டினம் என்று பங்கு போட்டு, இரண்டு இடத்திலும் நிம்மதியாகப் படுக்காமல் போவாயே, எனக்கு அது தெரியாது என்று நினைத்தாயா? அடுத்த தடவை திருச்சியில் இறங்கியதும் எங்கே முதலில் போவது என்று யோசித்துக்கொண்டு நிற்காதே. நேராக வீட்டுக்கு வா. உன் பெண்டாட்டியும் பிள்ளையும் இங்கேதான் இருக்கிறார்கள்.

துஆவுடன்,
உன் அத்தா